ஏரி பார்த்த வீடு: முழுக் கண்ணாடிச் சுவரா, அளந்து திறந்த ஜன்னல்களா?

ஏரிக்கரையில் மனை வாய்த்தவர் வரைபடம் போட உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, பெரும்பாலும், தண்ணீரைப் பார்த்த பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதுதான். கெட்டியான சுவரை எழுப்பி, எங்கே உட்கார்ந்தால் எது தெரிய வேண்டும் என்று அளந்து ஜன்னல்களைத் திறப்பது இன்னொரு வழி. முதல் வழிக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி, கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமெரிக்காவில் வடிவமைத்து 1951இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம். அது நிற்பது ஆற்றங்கரை என்றாலும் நான்கு பக்கமும் கண்ணாடிதான். இன்னொரு கட்டடக் கலைஞரான லெ கார்புசியே ஜெனீவா ஏரிக்கரையில் தம் பெற்றோருக்காக 1923–24இல் கட்டிய சிறு வீட்டிலோ இரண்டு மனமும் தெரிகிறது: வீட்டுக்குள் 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல் ஓடுகிறது, தோட்டத்திலோ ஏரியை மறைத்து ஒரு சுவர் எழுப்பி, அதில் சதுரமாக ஒரு திறப்பை மட்டும் விட்டிருக்கிறார்.

கண்ணாடிச் சுவர் தரும் வெளிச்சத்தையும் விரிவையும் மறுப்பதற்கில்லை. சிக்கல் தொடங்குவது வெயிலில். உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு ஒளியில் சுமார் 2 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்துக்கு இறங்கும்போதோ, அசையாத நீரில் அந்த அளவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது. எனவே மேற்கே ஏரி உள்ள வீட்டுக்கு மாலையில் நேர் வெயிலும் நீரிலிருந்து தெறிக்கும் வெயிலும் சேர்ந்தே வருகின்றன. கீழிருந்து வரும் இந்த ஒளியை எவ்வளவு நீண்ட சன்ஷேடும் தடுக்காது. திரைச்சீலையை இழுத்துவிட வேண்டியதுதான். எந்த நேரத்துக் காட்சிக்காகக் கண்ணாடிக்குச் செலவிட்டோமோ அந்த நேரத்தில் அது மூடிக்கிடக்கும். இரட்டைக் கண்ணாடியும் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சும் சூட்டைக் குறைக்குமே தவிர, கண்கூச்சத்தை முழுவதும் போக்குவதில்லை. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடியில் நம் அறைதான் தெரியும், ஏரி தெரியாது. படகில் போகிறவருக்கு நம் வீடு முழுவதும் தெரியும்.

காற்றிலும் முழுக் கண்ணாடி பின்தங்குகிறது. பெரிய ஏரிகளில் பகலில் நீரிலிருந்து கரைக்கும் இரவில் கரையிலிருந்து நீருக்கும் மென்காற்று வீசும். அதைப் பிடிக்க எதிரெதிர்ச் சுவர்களில் திறக்கக்கூடிய ஜன்னல்கள் தேவை. ஃபார்ன்ஸ்வொர்த் இல்லத்தில் வாசலை விட்டால் திறப்பதற்கு இருந்தவை இரண்டே சிறு ஜன்னல்கள்.

இருந்தாலும், வட அரைக்கோளத்தில் ஏரி வடக்கே அமைந்திருந்தால் முழுக் கண்ணாடியைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பக்கம் நேர் வெயில் குறைவு. கடுங்குளிர்ப் பகுதியில் மட்டும் வெப்ப இழப்பைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மற்றத் திசைகளில் என் வாக்கு சுவருக்கே, அதுவும் ஜன்னலின் அடிமட்டத்தைச் சரியாக வைத்தால் மட்டும். வீட்டுத் தரை நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜன்னலுக்கு 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். ஜன்னலின் அடிமட்டம் வழக்கமான 90 சென்டிமீட்டரில் இருந்தால், அவர் அமர்ந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 38 மீட்டருக்கு அப்பால் உள்ள நீர்தான் கண்ணில் படும். கரையோர நாணலும் பறவைகளும் மறைந்துவிடும். அதையே 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 13.5 மீட்டரிலிருந்தே நீர் தெரியும். விழும் அபாயம் கருதி, கீழ்ப்பகுதிக்கு உறுதியூட்டிய கண்ணாடியும் திறக்காத சட்டமும் போட வேண்டியிருக்கும்.

இத்தனையும் செய்துவிட்டு வெளியே திண்ணைத் தளத்தை வீட்டுத் தரை மட்டத்திலேயே அமைத்து, அதன் விளிம்பில் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறவர்கள் உண்டு. கண்ணாடிச் சுவரோ ஜன்னலோ, எது வைத்தாலும் அந்தச் சுவர் கரையோர நீரை மறைத்துவிடும். தளத்தை மூன்று படி கீழே இறக்கி, சுவருக்குப் பதில் மெல்லிய கம்பித் தடுப்பு வைத்தால் பார்வைக்கோடு அதன் மேலாகவோ கம்பிகளின் ஊடாகவோ சென்றுவிடும்.