ஜீப் கணக்கும் தோட்டத்துப் பட்டியலும்: டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட், ஆறு மாத அனுபவம்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் எங்கள் இரண்டு ஜீப்புக்கும் நான்தான் கணக்கு. டிரைவர் அண்ணனின் ட்ரிப் நோட்டு ஒன்று, தோட்டத்து வருகைப் பட்டியல் ஒன்று, மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாது. எக்செல்லில் வி-லுக்கப் போட்டுச் சலித்துப்போய், கணக்கை எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் டேபிள்களாக வைத்துப் பார்க்க உதவும் இந்த டிபி பிரவுசர் மென்பொருளுக்கு வந்தேன். இலவசம், சர்வர் வேண்டாம், மொத்தக் கணக்கும் ஒரே ஃபைலில் இருக்கும், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது.

இரண்டு பட்டியலையும் இரண்டு டேபிளாக ஏற்றி, பெயரை வைத்து அவற்றை இணைக்கும் ஜாயின் போட்டதும் பாதிப் பேரைக் காணோம். நம் நோட்டில் ‘மு. செல்வி’, அங்கே கேரள வழக்கப்படி இனிஷியல் பின்னால். சரி, அதைத் திருத்தினேன். ஆனால் பொன்னுத்தாய் என்ற பெயர் இரண்டு டேபிளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரிந்தும் சேரவே இல்லை, ஒரு ராத்திரி முழுக்க மண்டை காய்ந்தது. ‘பொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒன்று, எஸ்கியூலைட்டுக்கு இரண்டு வேறு சொற்கள், தானாகச் சரிசெய்யாது. கடைசியில் ஆளுக்கொரு டோக்கன் நம்பர் கொடுத்து அதை வைத்தே சேர்த்தேன். அதையும் இன்டிஜர் (முழு எண்) நெடுவரிசையாக வையுங்கள், இரண்டு பக்கமும் டெக்ஸ்ட் என்றால் 07-ம் 7-ம் சேராது.

எனக்குப் பிடித்தது லெஃப்ட் ஜாயின். இடது டேபிளான ட்ரிப் நோட்டின் எல்லா வரிசையும் வரும், வலது டேபிளான தோட்டத்துப் பட்டியலில் ஜோடி இல்லாவிட்டால் அந்த இடம் ‘நல்’ (null), அதாவது காலி. ஜீப்பில் ஏறியும் பட்டியலில் இல்லாதவர்களை, வலது டேபிளின் டோக்கன் ‘ஈஸ் நல்’ என்று கேட்டால் ஒரே க்வெரியில் கொட்டிவிடும். ஆனால் அதே வலது டேபிளின் தேதியை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) பகுதியில் வைத்தால் அந்த ஆட்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடுவார்கள், தேதியை இணைக்கும் ‘ஆன்’ (ON) பகுதிக்கு மாற்றுங்கள். நாள் கணக்கு வித்தியாசம் பார்க்க ‘சமமில்லை’ குறி போட்டபோதும் இதே கதை, காலியாக விட்ட வரிசை எதுவும் வரவில்லை, நல்லோடு எதை ஒப்பிட்டாலும் பதில் நல்தானே. ‘ஈஸ் நாட்’ போட்டதும் எல்லாம் வந்தது.

இரு பக்கமும் விடுபட்டதை ஒன்றாகப் பார்க்க ஃபுல் ஜாயின் வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் எஸ்கியூலைட் 2022-ல் வந்த 3.39 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று பொன்னுத்தாய்க்காகக் குறைத்தது.