மரத்தடி மழைத்தண்ணிய அளக்க டிடிஎஸ் பேனா, பிஎச் பேனா: கோத்தகிரில இருந்து ஒரு ரிவ்யூ

ஆன்லைன்ல ரெண்டு பேனாவும் ஒரே பாக்கெட்ல வருதே, ஒரு பிஎச் மீட்டர் (தண்ணில அமிலத்தன்மை எவ்வளவுன்னு காட்டும், நம்பர் குறைஞ்சா அமிலம் கூட), கூட ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணில உப்பு மாதிரி கரைஞ்சிருக்கறது எவ்வளவுன்னு காட்டும்), அதத்தான் வாங்கி இந்த வடகிழக்குப் பருவமழை முழுக்க யூஸ் பண்ணேன். மீன் தொட்டிக்கும் ஆர்ஓ மெஷினுக்கும் எப்படி வேலை செய்யுதுன்னு நெறைய பேர் எழுதிட்டாங்க, நான் வாங்குனது மழைத்தண்ணிக்கு, அதுவும் மரத்துக்கு மரம் அந்தத் தண்ணி மாறுதான்னு பாக்க. நல்லாவே மாறுது. ஆனா அதப் பாக்க டிடிஎஸ் பேனா போதும், பிஎச் பேனாவ நம்பி இந்த செட்ட வாங்காதீங்க.

டிடிஎஸ் பேனா தங்கம். மொட்டை மாடில பாட்டில் வெச்சு நேரா புடிச்ச மழை, கொஞ்ச நேரம் நல்லா பெஞ்ச அப்புறம் புடிச்சதுன்னா, ஒத்தை இலக்கத்துலயே நிக்கும். அதே மழைய அதே நேரத்துல வீட்டுக்குப் பின்னாடி கற்பூர மரத்தடில (யூகலிப்டஸ்தான்), எஸ்டேட் ஓரத்து பைன் மரத்தடில, சோலை (மலைல இருக்கற பசுமைமாறாக் காடு) ஓரமா நிக்கிற நாவல் மரத்தடில புனல் வெச்சு புடிச்சா எல்லாமே கூடத்தான் காட்டுது, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. இலை மேல படிஞ்சிருக்கற தூசி, புகை, காத்துல வந்த கடல் உப்பு எல்லாத்தையும் மழை கழுவிட்டு வர்றது ஒரு பக்கம், அதனாலதான் பல நாள் காஞ்சு கெடந்து பெய்யற முதல் மழைக்கு ரீடிங் எகிறும். இன்னொரு பக்கம் இலைக்குள்ள இருந்தே சத்து கசிஞ்சு வருது. பொட்டாசியம் செல்லுக்குள்ள கரைஞ்ச நிலைலயே இருக்கறதால மழை பட்டதும் சுலபமா வெளிய வந்துரும், கால்சியம் நெறைய செல் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, அது மெதுவாத்தான் வரும். பல காடுகள்ல பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்பறதே சருகுல இல்ல, பெரும்பாலும் இந்த சொட்டுத்தண்ணிலதான். நைட்ரஜன் பல எடத்துல தலைகீழ், இலையும் கிளைல இருக்கற பாசியும் மழைல வர்றத உறிஞ்சிக்கும், கீழ வர்றப்ப குறைஞ்சிருக்கும்.

இதுல எது எவ்வளவுன்னு பேனா பிரிச்சு சொல்லாது, அது தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுன்னு பாத்து கணக்கு போடற சாமான்தான். சீகை (வாட்டில்) மரத்து அடிமரத்துல வழியற தண்ணி டீ டிகாஷன் மாதிரி பழுப்பா வரும் (தோல் பதனிட டானின் வேணும்னுதானே அந்த மரத்த இங்க நட்டாங்க), அந்த பழுப்புல பெரும்பாலானது கரிமப் பொருள், இந்தப் பேனாவுக்கு அது சரியா தெரியாது, அதனால நம்பர் கம்மியா இருந்தா தண்ணில ஒண்ணுமே இல்லன்னு முடிவு பண்ணிறாதீங்க. அடிமரத் தண்ணி புடிக்க பழைய சைக்கிள் ட்யூப நீளமா கிழிச்சு மரத்த சுத்தி சாய்வா கட்டி இடைவெளிய சிலிகான் வெச்சு அடைச்சேன், களிமண் வெச்சா அந்த மண்ணோட உப்பும் சேந்துரும். கற்பூர மரம் பட்டைய உரிச்சுட்டு வழவழன்னு நிக்கறதால சீக்கிரமே வழிய ஆரம்பிச்சுருது, பைன் மரத்துப் பட்டை கரடுமுரடு, அது ஊறி முடிச்சுதான் கீழ விடும்.

பிஎச் பேனாவுக்கு வருவோம். சுத்தமான மழையே காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடால 5.6 பக்கம் இருக்கும், அகல இலை மரங்கள் பலதுல இலை மழையோட அமிலத்த வாங்கிட்டு கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியத்த விடறதால கீழ பிஎச் கொஞ்சம் ஏறும், ஊசியிலை மரங்கள்ல பெரும்பாலும் இறங்கும், அந்த ஊசிகள் காத்துல இருந்தும் பனிமூட்டத்துல இருந்தும் நெறைய அள்ளிக்கறது அதுக்கு ஒரு காரணம். இத கண்ணால பாக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. ஆனா மழைத்தண்ணில உப்பு ரொம்ப கம்மிங்கறதால இந்த விலைக்கு வர்ற எலக்ட்ரோட் (பேனா நுனில தண்ணிய தொடற பாகம்) ஒரு நம்பர்ல நிக்காம ஓடிட்டே இருக்கு, ஒரே பாட்டில் தண்ணிக்கு காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு காட்டுது. கூட வர்ற பிஎச் 4, 6.86 பவுடர கரைச்சு அத வெச்சு பேனாவ காலிப்ரேட் பண்ணா அந்த ரெண்டு தண்ணிக்கும் கரெக்டா காட்டும், மழைக்கு வந்தா மறுபடி ஓட்டம்தான். பிஎச்ல ஒரு புள்ளி மாறுனா அமிலம் பத்து மடங்கு, அப்போ இவ்வளவு ஆட்டம் ஆடற சாமான வெச்சு பைனுக்கும் நாவலுக்கும் தீர்ப்பு சொல்றது மரத்துக்கு நாம செய்யற அநியாயம். பேனா மூடிக்குள்ள கேசிஎல் (பொட்டாசியம் குளோரைடு) சொல்யூஷன் விட்டு வைங்க, டிஸ்டில்ட் வாட்டர்ல ஊற வெச்சா எலக்ட்ரோட் கெட்டுரும், அந்த சொல்யூஷன் என் பாக்கெட்ல வரல, தனியா வாங்கணும்.

இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க. நம்ம லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான், 2024ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேந்துச்சு, இங்க சுத்துப்பட்டு ஊருங்க குடிக்கற தண்ணி அந்தச் சோலைல இருந்து வருது. மலைல எந்த மரம் நிக்குதுங்கறது அந்தத் தண்ணி மண்ண தொடறதுக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிச்சுருது, இத நம்ம புள்ளைங்க ஸ்கூல் படிக்கறப்பவே அளந்து பாக்கணும். அதுக்காக காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போக வேணாம், ரோட்டோர மரமே போதும்.

டிடிஎஸ் பேனாவுக்கு 5க்கு 4, பிஎச் பேனாவுக்கு 2. தனியா டிடிஎஸ் மட்டும் வாங்குனா காசும் மிச்சம். பாட்டில டிஸ்டில்ட் வாட்டர்ல கழுவுங்க, பறவை எச்சம் விழுந்த தண்ணிய கொட்டிருங்க, அன்னைக்கே அளந்துருங்க. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சைப்ரஸ் மரத்தடில யாராவது அளந்திருந்தா ரீடிங் போடுங்க, அதே மழைக்கு திறந்தவெளி ரீடிங்கும் சேத்து, அது இல்லாம ஒப்பிட முடியாது.