பணம் நம்முடையது, கதவு யாருடையது? 2008-க்குப் பிந்தைய ஹெட்ஜ் ஃபண்டின் மூன்று வடிவங்கள்

சிங்கப்பூரில், ஒரு குடும்பத்தின் முதலீடுகளைக் கவனித்துக்கொள்ளும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டி, சந்தை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் தேடும் ஹெட்ஜ் ஃபண்டுகளில் இருந்த பணத்தை எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது என்று மூன்று வழிகளை எடைபோட்டோம். கேமன் தீவுகளில் பதிவான வழக்கமான கூட்டு ஃபண்ட் ஒன்று. ஐரோப்பிய விதிகளின்படி நடக்கும் யூசிட்ஸ் ஃபண்ட் இன்னொன்று. நம் பெயரிலேயே கணக்கு திறந்து, வாங்கி விற்கும் அதிகாரத்தை மட்டும் மேனேஜரிடம் கொடுக்கும் மேனேஜ்டு அக்கவுண்ட் மூன்றாவது. பெரும்பகுதியை மூன்றாவதற்கு மாற்றிவிட்டோம். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன். எந்த மேனேஜர், எந்த உத்தி என்பது வேறு பேச்சு. இங்கே பணம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான்.

இந்த மூன்று வழிகளும் இன்றைய உருவத்துக்கு வந்ததற்குக் காரணம் 2008-ன் நிதி நெருக்கடி. அந்த ஆண்டு, இந்தத் தொழிலின் புள்ளிவிவரங்களைத் தொகுக்கும் ஹெச்.எஃப்.ஆர். நிறுவனத்தின் ஹெட்ஜ் ஃபண்ட் குறியீடு சுமார் 19% விழுந்தது. அதே ஆண்டில் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500, டிவிடெண்டையும் சேர்த்தே 37% விழுந்தது. நஷ்டத்தை மட்டும் பார்த்தால் ஹெட்ஜ் ஃபண்டுகள் பங்குச் சந்தையைவிடத் தேவலை. ஆனாலும் ஆண்டின் நடுவில் 1.9 லட்சம் கோடி டாலராக இருந்த தொழில், ஆண்டு முடிவில் 1.4 லட்சம் கோடியாகச் சுருங்கியது. அந்த ஓராண்டில் மூடப்பட்ட ஃபண்டுகள் 1,471 என்று அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. முதலீட்டாளர்களின் கோபம் நஷ்டத்தின் மீது மட்டுமல்ல. பணத்தைக் கேட்டபோது கதவு சாத்தப்பட்டதே, அதுதான் ஆறாத கோபமாக இருந்தது.

கேமன் ஃபண்டிலிருந்து தொடங்குகிறேன். நெருக்கடிக்குப் பிறகு அது நிறையவே திருந்தியது. முன்பு தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்ட அமெரிக்க ஃபண்டுகள் சுயேச்சையான நிர்வாகியை நியமித்தன. கடன் கொடுத்து, பங்குகளையும் வைத்துக்கொள்ளும் பிரைம் புரோக்கர் ஒருவரையே நம்பியிருந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வைத்தார்கள். 2010-ல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தால் 15 கோடி டாலருக்கு மேல் தனியார் ஃபண்டுகளை நிர்வகிப்பவர்கள் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யில் பதிவு செய்தாக வேண்டும் என்றானது. ஐரோப்பாவில் அதற்கு இணையான சட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 2% கட்டணம், லாபத்தில் 20% பங்கு என்ற பழைய வாய்ப்பாடும் தளர்ந்தது. டெக்சாஸ் ஆசிரியர் ஓய்வூதிய நிதி ‘1 அல்லது 30’ என்றொரு முறையைக் கொண்டுவந்தது: ஆண்டுக் கட்டணம் 1%, அல்லது ஒப்பீட்டு அளவைத் தாண்டிய லாபத்தில் 30%, எது அதிகமோ அது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எங்கள் முடிவை இவை எதுவும் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது வெளியேறும் வழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கூட்டு ஃபண்டின் ஆவணத்தில் ‘கேட்’ என்று ஒரு விதி இருக்கும். ஒரு காலாண்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கும் பணம், ஃபண்டின் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாண்டினால் அந்த அளவுவரைதான் கொடுப்பார்கள். மிச்சம் அடுத்த காலாண்டுக்குப் போகும். 25% கேட் உள்ள ஒரு ஃபண்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 10 கேட்கிறீர்கள், மற்றவர்கள் பயந்துபோய் மொத்தமாகப் பாதி ஃபண்டையே கேட்டுவிட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது 5. இது தெரிந்த எந்த முதலீட்டாளரும் தேவைப்படுவதைவிட இரண்டு மடங்கு கேட்கத்தான் செய்வார். கூட்டத்தைத் தடுக்கப் போட்ட கதவே கூட்டத்தைக் கூட்டுகிறது. 2008 கடைசியில் நடந்தது இதுதான்.

இன்னொரு அநியாயமும் அப்போது நடந்தது. எதிர்கால ஒப்பந்தங்களில், சந்தையின் போக்கைப் பின்பற்றி வணிகம் செய்யும் சி.டி.ஏ. ஃபண்டுகள் 2008-ல் லாபம் பார்த்தன, பார்க்லே சி.டி.ஏ. குறியீடு சுமார் 14% ஏறியது. அவர்களிடம் எப்போது கேட்டாலும் பணம் கிடைக்கும் என்பதால், வேறிடத்தில் கதவு சாத்தப்பட்ட முதலீட்டாளர்கள் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நன்றாக நடத்தியவர்கள் ஏ.டி.எம். ஆனார்கள்.

கதவைச் சாத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சிட்டாடல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கென்சிங்டன், வெலிங்டன் ஃபண்டுகள் 2008-ல் சுமார் 55% இழந்தன. டிசம்பரில் பணம் கொடுப்பதை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்களின் பணம் 2012 தொடக்கத்தில் பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. எல்லோருக்கும் அன்றே கொடுத்திருந்தால் கையில் இருந்த பத்திரங்களை அடிமாட்டு விலைக்கு விற்றிருக்க வேண்டும். ஆகவே அந்த முடிவு உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது என்று வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் இருப்பதா போவதா என்பதை முதலீட்டாளர் முடிவு செய்யவில்லை. ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய நிதிக்கும் கல்லூரிச் சம்பளம் கொடுக்க வேண்டிய அறக்கட்டளைக்கும் 2012 வரை காத்திருக்கும் வசதி இல்லை.

நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேட்டை ஃபண்ட் அளவில் வைக்காமல் முதலீட்டாளர் அளவில் வைக்கும் பழக்கம் பரவியது. அவரவர் பணத்தில் காலாண்டுக்கு 25% எடுக்கலாம், பக்கத்தில் இருப்பவர் என்ன செய்தாலும் உங்கள் பங்கு மாறாது. முந்தி ஓட வேண்டிய அவசரம் போய்விடுகிறது. கேமன் ஃபண்டில்தான் போடுவேன் என்பவர்கள் இந்த ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள். கட்டணத்தில் கால் சதவீதம் குறைப்பதைவிட இது பெரிய சலுகை.

சரி, யூசிட்ஸ். 1985-ல் சாதாரண மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக வந்த ஐரோப்பிய விதித்தொகுப்பு இது. பின்னர் வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்த டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களுக்கும் இடம் கொடுத்ததால், 2008-க்குப் பிறகு ஹெட்ஜ் ஃபண்ட் மேனேஜர்கள் அயர்லாந்திலும் லக்சம்பர்க்கிலும் இந்த உருவில் ஃபண்டுகளைத் தொடங்கினார்கள். மாதம் இரண்டு முறையாவது பணம் எடுக்க வழி இருக்க வேண்டும். பெரும்பாலானவை தினமும் கொடுக்கின்றன. சொத்துகள் தனியான காப்பாளரிடம் இருக்கும், தொலைந்தால் அவர் பொறுப்பு. சிறிய தொகையிலும் நுழையலாம். வெளியேறும் வழிதான் முக்கியம் என்றால் இதையே எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம்.

இரண்டு காரணங்களால் எடுக்கவில்லை. முதலாவது, விதிகள் உத்தியையே நறுக்குகின்றன. ஒரே நிறுவனத்தின் பத்திரங்களில் 10%-க்கு மேல் கூடாது. 5%-ஐத் தாண்டும் முதலீடுகள் எல்லாம் சேர்ந்து 40%-க்குள் இருக்க வேண்டும். விலை இறங்கும் என்று பங்கைக் கடன் வாங்கி விற்கும் ஷார்ட்டை நேரடியாகச் செய்ய முடியாது, விலை வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்கும் ஸ்வாப் ஒப்பந்தம் வழியாகத்தான் செய்ய வேண்டும். கடனும் தற்காலிகமாக 10% வரைதான். நாலைந்து நிறுவனங்களில் ஆழமாக இறங்கும் மேனேஜரை இதற்குள் அடக்கினால் அவர் வேறு மேனேஜர் ஆகிவிடுவார். சில பங்குகளை வாங்கிச் சிலவற்றை ஷார்ட் செய்யும் லாங்-ஷார்ட், சி.டி.ஏ. போன்றவை ஓரளவு பொருந்துகின்றன. எங்களுக்கும் யூசிட்ஸில் அனுபவம் இந்த இரண்டு வகையில் மட்டும்தான், அதுவும் சிறிய தொகையில். மற்ற உத்திகளில் அதை வைத்திருந்தவர்கள் என்னோடு மாறுபடலாம்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிது. தினமும் பணம் தருவேன் என்று எழுதிக் கொடுப்பதால் உள்ளே இருக்கும் சொத்து தினமும் விற்கக்கூடியதாக மாறிவிடாது. 2019 ஜூனில் பிரிட்டனில் வுட்ஃபோர்ட் ஈக்விட்டி இன்கம் ஃபண்ட் முடங்கியது. அது ஹெட்ஜ் ஃபண்ட் அல்ல, ஆனால் யூசிட்ஸ் விதிகளுக்குக் கட்டுப்பட்டதுதான். பட்டியலிடப்படாத நிறுவனங்களிலும் எளிதில் விற்க முடியாத சிறு பங்குகளிலும் நிறையப் பணம் போட்டிருந்தார்கள். கென்ட் மாவட்ட கவுன்சிலின் ஓய்வூதிய நிதி தன் பணம் முழுவதையும் கேட்டதும் ஃபண்டையே நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. கலைத்துத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். கூட்டு ஃபண்டில் இருக்கும்வரை, பக்கத்து முதலீட்டாளரின் அவசரம் நம் பிரச்சினை. கேமனோ டப்ளினோ, அது மாறவில்லை.

மேனேஜ்டு அக்கவுண்டில் பக்கத்து முதலீட்டாளரே கிடையாது. நாம் ஒரு நிறுவனம் தொடங்குகிறோம், அதன் பெயரில் பிரைம் புரோக்கரிடம் கணக்கு. மேனேஜருக்கு வணிகம் செய்யும் அதிகாரம் ஒப்பந்தத்தின் வழியாகப் போகிறது. பணத்தை எடுக்கும் அதிகாரம் போகாது. பிடிக்கவில்லை என்றால் அதிகாரத்தை ரத்து செய்து கடிதம் அனுப்பினால் போதும். அவரிடம் பணம் கேட்டு நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் பணம் அவரிடம் இல்லை. கால்பெர்ஸ் என்ற கலிஃபோர்னியா அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி 2009-லேயே ஹெட்ஜ் ஃபண்டுகளிடம் இந்த வடிவத்தைக் கேட்டது. 2014-ல் ஹெட்ஜ் ஃபண்டே வேண்டாம் என்று 400 கோடி டாலரை விலக்கிக்கொள்ள முடிவு செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செலவும் சிக்கலும் அவர்கள் சொன்ன காரணங்கள்.

தினமும் காலையில் முந்தைய நாளின் ஒவ்வொரு முதலீடும் எங்கள் கணினியில் தெரிகிறது. கூட்டு ஃபண்டில் இருந்தபோது மாத முடிவுக்குப் பிறகு ஒரு பக்க அறிக்கை வரும், அவ்வளவுதான். எதிர்கால ஒப்பந்த உத்திகளில் இன்னொரு வசதி உண்டு. 10 கோடி டாலர் அளவுக்கு வணிகம் செய்யச் சொல்லிவிட்டு, மார்ஜின் என்ற ஈட்டுத் தொகைக்குத் தேவையான 2 கோடியை மட்டும் கணக்கில் வைக்கலாம். மிச்சம் நம்மிடமே அமெரிக்க அரசுக் கடன் பத்திரமாக இருக்கும்.

அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15 அன்று விழுந்தபோது அதன் லண்டன் பிரிவில் சிக்கிய ஹெட்ஜ் ஃபண்டுகளின் கதை இங்கே முக்கியம். வாடிக்கையாளர் ஈடாக வைத்த பங்குகளைப் புரோக்கர் மறு அடமானம் வைக்க அமெரிக்காவில் வரம்பு உண்டு: வாடிக்கையாளர் வாங்கிய கடனில் 140%. பிரிட்டனில் அப்படி வரம்பு இல்லை. தன் பங்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. சொந்தக் கணக்கென்றால் யாரிடம் வைப்பது, எவ்வளவு மறு அடமானம் வரை அனுமதிப்பது என்பதை நாமே பேசி எழுதிக்கொள்ளலாம். எங்கள் ஒப்பந்தத்தில் அதிக நேரம் எடுத்தது இந்தப் பத்திதான்.

ஆனால் கணக்கு நம் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. பொய்க் கணக்குக் காட்டி ஏமாற்றிய நியூயார்க் புரோக்கர் பெர்னார்ட் மேடாஃபின் வாடிக்கையாளர்களுக்கும் அவரவர் பெயரில் கணக்கு இருந்தது. அவர்தான் புரோக்கர், அவர்தான் காப்பாளர், அறிக்கையை அச்சடித்ததும் அவர் அலுவலகம்தான். 2008 டிசம்பரில் கைதானபோது அந்த அறிக்கைகளில் இருந்த சுமார் 6,500 கோடி டாலரில் பெரும்பகுதி காகிதத்தில் மட்டுமே இருந்தது. மேனேஜர், காப்பாளர், கணக்கு எழுதும் நிர்வாகி ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். காப்பாளரின் அறிக்கை மேனேஜர் கை படாமல் நேரே நமக்கு வர வேண்டும். இது இல்லாத மேனேஜ்டு அக்கவுண்டைவிடக் கேமன் ஃபண்டே பாதுகாப்பு.

செலவு குறைவில்லை. வக்கீல் கட்டணம், புரோக்கர் ஒப்பந்தம், டெரிவேட்டிவ்களுக்கான ஐ.எஸ்.டி.ஏ. ஒப்பந்தம், நிர்வாகி, தணிக்கை எல்லாம் நம் தலையில். சில கோடி டாலராவது இல்லாமல் பெரும்பாலான மேனேஜர்கள் பேசவே மாட்டார்கள். பெரிய பெயர்கள் அப்போதும் மறுப்பார்கள். இதற்கென உள்ள தளங்கள் வழியாக நுழைந்தால் இந்த வேலைகளைத் தளம் பார்த்துக்கொள்ளும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. மேனேஜரின் மூல ஃபண்டுக்கும் நம் கணக்குக்கும் வருமானத்தில் வித்தியாசமும் வரும். கடனோடு வணிகம் செய்யும்போது நஷ்டம் போட்ட பணத்தைத் தாண்டலாம், அது நம் மற்ற சொத்தைத் தொடாமலிருக்கத்தான் தனி நிறுவனம் அவசியம். எல்லாவற்றுக்கும் மேல், விற்க முடியாத சொத்தை இந்த வடிவமும் விற்றுத் தராது. நெருக்கடியில் உள்ள நிறுவனங்களின் கடன் பத்திரங்களை வைத்திருக்கும் மேனேஜரை நீக்கினால், அந்தப் பத்திரங்கள் நம் மடியில் வந்து விழும். பிறகு அவற்றை விற்பது நம் பாடு.

இவ்வளவு இருந்தும் என் சாய்வு மாறவில்லை. தொழில் இப்போது போகும் திசை அதை உறுதிப்படுத்துகிறது. 2008-க்குப் பிறகு வலுவாக எழுந்தவை பல மேனேஜர் குழுக்களை ஒரே கூரைக்குள் வைத்து நடத்தும் நிறுவனங்கள்: மில்லேனியம், சிட்டாடல், பாயிண்ட்72. பேரம் பேசும் பலம் வந்ததும் அவர்கள் விதிகளை மறுபடி இறுக்கினார்கள். மில்லேனியத்தின் புதிய பங்கு வகையில் காலாண்டுக்கு 5%தான் எடுக்கலாம், முழுப் பணமும் வர ஐந்து ஆண்டு. செலவு முழுவதையும் முதலீட்டாளர் தலையில் கட்டும் முறையும் அங்கே சகஜம். அதே மில்லேனியம் வெளி மேனேஜர்களிடம் தன் பணத்தைக் கொடுக்கும்போது எந்த வடிவத்தைக் கேட்கிறது? மேனேஜ்டு அக்கவுண்ட்.

எங்கள் பணம் இப்போது மூன்று இடத்திலும் இருக்கிறது, சம அளவில் அல்ல. சி.டி.ஏ.வும் பங்கு லாங்-ஷார்ட்டும் மேனேஜ்டு அக்கவுண்டில். தனிக் கணக்கு திறக்க மறுத்த ஒரு பங்கு மேனேஜர் யூசிட்ஸில். கடன் பத்திர உத்தி ஒன்று மட்டும் கேமனில், முதலீட்டாளர் அளவுக் கேட்டோடு. விற்க முடியாத சொத்துகளைத் தனியே ஒதுக்கிவைக்கும் சைட் பாக்கெட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் தனிக் கடிதத்தோடுதான் அதில் கையெழுத்திட்டோம். அந்தக் கடிதத்தைக் கேட்டபோது, வேறு யாரும் கேட்பதில்லை என்றார்கள். இரண்டு வாரம் கழித்துக் கொடுத்துவிட்டார்கள்.