படம் போய்க் குரல் மிஞ்சிய 'மார்கோ போலோ'

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் தவறவிடக்கூடாத ஒரு சிடியைப் பற்றி எழுதுகிறேன். காலத்தில் பயணிக்கும் டாக்டர் என்பவரைப் பற்றிய பிபிசி தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 1964 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏழு பகுதிகளாக வந்த 'மார்கோ போலோ' கதையில் ஒரு பகுதிகூட இன்று படமாக இல்லை. அந்நாளில் பிபிசி நாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியது. ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்த ஒலி மட்டும் முழுதாகத் தப்பியது. அதைச் செப்பனிட்டு 2003இல் சிடியாக வெளியிட்டார்கள். படம் இல்லாத இடங்களை விளக்குபவர், கதையில் டாக்டரின் பயணத் தோழர் இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸலேதான். தேவையான இடத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

கதை நடப்பது 1289இல். பாமீர் மலையில் இறங்கும் டாக்டர் குழுவின் காலப்பயண ஊர்தியான டார்டிஸ் பெட்டி பழுதாகிறது. அதைத் தான் வேலைபார்க்கும் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானுக்குப் பரிசளித்து, சொந்த ஊரான வெனிஸுக்குத் திரும்ப அனுமதி வாங்கிவிடலாம் என்று மார்கோ போலோ கைப்பற்றிக்கொள்கிறார். அவரை வில்லனாக்காமல் எழுதிய ஜான் லூக்கரோட்டியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வளைகுடாவில் முதலாளி விடுப்புத் தருவாரா என்று காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே பலர். மார்கோவின் குரலில் அந்த ஏக்கத்தைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

கோபி பாலைவனப் பகுதிகள்தான் உச்சம். ஆரல்வாய்மொழியில் ஆடிக் காற்று கதவை உலுக்கிக்கொண்டிருந்த இரவில் மணற்புயல் காட்சியைக் கேட்டேன். எது சிடியின் காற்று, எது கணவாயின் காற்று என்று சில நொடி பிரித்தறிய முடியவில்லை. பிறகு கூடவே வரும் மங்கோலியப் படைத்தலைவன் டெகானா தண்ணீர்ப் பைகளைக் கிழித்துவிடுகிறான். எல்லோரும் நாவறண்டு கிடக்க, டாக்டரிடம் மட்டும் தண்ணீர் இருக்கிறது. ஒளித்துவைத்திருந்தார் என்று மார்கோ பாய்கிறார். இரவுக் குளிரில் டார்டிஸின் உட்சுவரில் நீராவி சுருங்கித் துளியானதை இயன் விளக்குகிறார். உடன் கேட்ட தங்கை மகள், "மாமா, இது எங்கள் அறிவியல் பாடத்தில் இருக்கிறது!" என்று துள்ளினாள். சிறுவர்களுக்கு அறிவியலும் வரலாறும் கற்பிக்க வேண்டும் என்று தொடங்கிய தொடர் அது. அந்த நோக்கம் இங்கே அழகாக நிறைவேறுகிறது.

குப்லாய் கான் வரும்போது நாடகத்தின் நிறமே மாறுகிறது. மூட்டுவலிக் கிழவர் அவர், டாக்டருக்கோ இடுப்புவலி. இருவரும் சேர்ந்து முனகுவதைக் கேட்கவே காசு கொடுக்கலாம். பேக்கமன் பகடை ஆட்டத்தில் டாக்டர் 35 யானை, 4000 வெண்குதிரை, 25 புலி, புத்தரின் பல், பர்மாவின் ஓராண்டு வணிகம் எல்லாவற்றையும் வெல்கிறார். கடைசியில் டார்டிஸுக்காகப் பந்தயம் வைத்துத் தோற்கிறார்!

நம் பக்கத்து வாசகருக்கு இன்னொரு சுவை உண்டு. நிஜ மார்கோ போலோ சீனாவிலிருந்து ஊர் திரும்பிய வழி நம் கடல்தான். குமரியிலிருந்து கடலுக்குள் முப்பது மைல் போனால் துருவ நட்சத்திரம் நீருக்கு மேல் ஒரு முழம் தெரியும் என்று அவருடைய பயணநூல் சொல்கிறது. ஏழில் ஆறு பகுதிகளை இயக்கிய வாரிஸ் ஹுசைனும் லக்னோவில் பிறந்தவர். தொலைக்காட்சித் திரையிலிருந்து அன்று எடுத்த புகைப்படங்களை அவர் பத்திரமாக வைத்திருந்ததால்தான் காட்சிகள் எப்படி இருந்தன என்று இன்று ஓரளவு தெரிகிறது.

குறைகளும் உண்டு. சீன, மங்கோலியப் பாத்திரங்களில் பெரும்பாலும் ஐரோப்பியர் ஒப்பனையோடு நடித்தது இன்று உறுத்துகிறது. ஒலியாகக் கேட்கும்போது அது சற்றுக் குறைகிறது. ஐந்தாம் பகுதி இழுக்கிறது. சில இடங்களில் இரைச்சல் வசனத்தை விழுங்குவதால் ஹெட்போன் அவசியம். பகுதி ஒன்று சுமார் 25 நிமிடம். இரவுக்கு ஒன்றாகக் கேளுங்கள். முதல் பகுதியில் பெயர்கள் குழப்பினாலும் நிறுத்திவிடாதீர்கள், இரண்டாவதில் பாலைவனம் வந்துவிடும்.