சுவரில் கொழுவிய ஜூக்பாக்ஸ்: கல்லடிக் காற்றில் சில வருடப் பாவனை அனுபவம்

எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் கரம் போர்டும் மேசைப்பந்து மேசையும் போட்டிருக்கிறோம். அந்த அறைச் சுவரில் 2020 கடைசியில் நானே செய்து கொழுவிய டிஜிட்டல் ஜூக்பாக்ஸ் (பட்டனை அமத்திப் பாட்டைத் தெரிவுசெய்யும் பெட்டி) இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒன்றை எப்படிச் செய்வது என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்றிருக்கும் மட்டக்களப்புக் கல்லடி போன்ற ஒரு ஊரில், மாரியும் கச்சான் என்ற காய்ந்த மேல்காற்றும் மின்வெட்டும் தாண்டிய பிறகு அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. அதைத்தான் எழுத வந்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் கவனத்தைப் பட்டனுக்கும், மின்சாரத்துக்கும், பாட்டுகளின் பெயர்களுக்கும் கொடுங்கள். போன் இல்லாமல், யாரிடமும் கேட்காமல், வீட்டில் உள்ள எவரும் முன்னால் வந்து நின்று ஒரு பாட்டைப் போட முடிந்தால்தான் அது ஜூக்பாக்ஸ். இல்லாவிட்டால் சுவரில் தொங்கும் இன்னொரு ஸ்பீக்கர்தான்.

உள்ளே இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2 ஜிபி ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி (இனி ‘பை’), அதன் 7 அங்குலத் தொடுதிரை, பிசிஎம்5102 சிப் உள்ள ஒரு சிறிய டாக் பலகை (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சமிக்ஞையாக மாற்றுவது), டிபிஏ3116 ஆம்ப்ளிஃபயர் பலகை, இரண்டு 4 அங்குல ஸ்பீக்கர்கள், பாட்டுகளைச் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி. பையில் உள்ள ஹெட்போன் துளையிலிருந்தே ஒலியை எடுக்கலாம், ஆனால் அமைதியான இடங்களில் இரைச்சல் கேட்கும். டாக் பலகைக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. ஆம்ப்ளிஃபயருக்குப் பழைய லாப்டொப் ஒன்றின் 19 வோல்ட் அடாப்டர், பைக்குத் தனியாக 5 வோல்ட் அடாப்டர். ஒரே அடாப்டரிலிருந்து இரண்டுக்கும் எடுத்தால், திரை மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கீச்சென்று ஒரு சத்தம் வரும். நிலக்கம்பி (கிரவுண்ட்) இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் வரும் சத்தம் அது, எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் போட்டாலும் போகாது.

பாடவைக்கும் மென்பொருள் எம்பிடி. இலவசம், மிகவும் இலேசானது. அதில் ‘கன்சியூம்’ என்று ஒரு முறை இருக்கிறது. பாடி முடிந்த பாட்டு வரிசையிலிருந்து தானாக நீங்கிவிடும். இதைப் போட்டதும் பெட்டியின் குணமே மாறிவிட்டது. ஆளுக்கொரு பாட்டைத் தெரிவுசெய்துவிட்டு விளையாடப் போகலாம், அவரவர் முறை வரும்போது பாடும், மற்றவர் பாட்டை யாரும் வெட்ட முடியாது. கரம் விளையாடும் நாலு பேருக்குள் பாட்டுக்காக வரும் சண்டை அதோடு குறைந்துவிட்டது.

இனிப் பட்டன். நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான். 1948 இல் அமெரிக்காவின் சீபேர்க் நிறுவனம் எம்100ஏ என்ற ஜூக்பாக்ஸை வெளியிட்டது. 50 இசைத்தட்டுகளை இரண்டு பக்கமும் போட்டு 100 பாட்டுகளைத் தெரிவுசெய்ய வைத்த பெட்டி அது. அதற்கு இரண்டு வருடம் முந்திய புகழ்பெற்ற வேர்லிட்சர் 1015 இல் 24 பாட்டுகள்தான். இந்த 100 என்ற கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ‘அ’ முதல் ‘ஒ’ வரை பத்து எழுத்துப் பட்டன்கள், 0 முதல் 9 வரை பத்து எண் பட்டன்கள். ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் அமத்தினால் ஒரு பாட்டு. அக்ரிலிக் தகட்டுக்குப் பின்னால் மகள் கையால் எழுதிய அட்டைகளில் நூறு பாட்டுகளின் பெயர்கள். ஆயிரக்கணக்கில் உள்ள மற்றப் பாட்டுகள் எல்லாம் தொடுதிரையில்.

பட்டன்களை இணைக்க, பழைய யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைக் கழற்றி உள்ளே இருந்த சிறிய பலகையை எடுத்துக்கொண்டேன். கணினிக்கு அது கீபோர்டாகவே தெரியும், தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை.

தொடுதிரை மட்டும் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. மேசைப்பந்து விளையாடி வியர்த்த கைக்கு அது சரியாக வேலை செய்யாது. வடை தின்ற விரலோடு மருமக்கள் தொட்டால் திரை முழுக்க எண்ணெய். எங்கள் பெரியம்மாவுக்குத் தொடுதிரை என்றாலே தயக்கம், எதையாவது அழித்துவிடுவேனோ என்ற பயம். பட்டனில் அந்தப் பயம் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டைக்குக் கிட்டப் போய்ப் பார்த்து, “ஈ… ஏழு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அமத்துவார். பட்டன் டிக்கென்று உள்ளே போய் வரும்வரை விரலை எடுக்கமாட்டார். பாட்டு தொடங்கியதும்தான் கதிரைக்குத் திரும்புவார். “மனே, அட்டைய எப்ப மாத்துவாய்?” என்று இப்போது அவர்தான் முதலில் கேட்கிறார்.

பெட்டி எந்தப் பலகையில் என்பது எங்கள் பக்கத்தில் முக்கியமான கேள்வி. ஸ்பீக்கர் பெட்டி என்றாலே எம்டிஎஃப் பலகை என்பார்கள். பாரமானது, அதிராது, உண்மைதான். ஆனால் மாரியின் ஈரத்தில் அதன் விளிம்புகள் ஊதிவிடும். பெட்டியை மட்டும் நான் ஓடாவியிடம் (தச்சரிடம்) கொடுத்து 12 மில்லிமீற்றர் மெரைன் பிளைவுட்டில் செய்வித்தேன். விளிம்புகளுக்கும் உட்பக்கத்துக்கும்கூட வார்னிஷ் அடிக்கச் சொன்னேன். இத்தனை மாரி போயும் ஒரு மூட்டுக்கூட விரியவில்லை. ஓடாவி சொன்ன யோசனைப்படி, 45 பாகையில் சீவிய இரண்டு மரச்சட்டங்களில் ஒன்றைச் சுவரிலும் மற்றதைப் பெட்டியின் முதுகிலும் பூட்டி, மேலிருந்து இறக்கிக் கொழுவுகிறோம். பெட்டியின் பாரமே அதைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும். கழற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் தூக்கினால் போதும். உங்கள் சுவர் உள்ளே குழி உள்ள சீமெந்துக் கல்லால் கட்டியது என்றால், துளைக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து, திடமான இடத்தில் மட்டும் ஆணியை இறக்குங்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தடித்த ரப்பர் துண்டுகள் வைக்காவிட்டால், அடித்தொனி முழுக்க சுவர் வழியாக அடுத்த அறைக்குப் போய்விடும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் போட்டது மருதமுனைக் கைத்தறித் துணி. வாயோடு வைத்து ஊதிப் பார்த்து, காற்று இலகுவாகப் போகும் துணியாகத் தெரிவுசெய்தேன். நெருக்கமாக நெய்த துணி உயர் தொனிகளை அமுக்கிவிடும். இடையில் ஒரு தடவை துணியை மாற்றினேன், வெயில் படும் பக்கம் நிறம் மங்கிவிட்டது. பழசைக் கழற்றியபோது அதில் படிந்திருந்த கச்சான் காலத்துத் தூசியைப் பார்த்தால், அது ஸ்பீக்கரை எவ்வளவு காப்பாற்றியிருக்கிறது என்று புரியும்.

பெட்டிக்கு உண்மையான சோதனை 2022 இல் வந்தது. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. பை போன்ற கணினிகளில் இயங்குதளம் ஒரு எஸ்டி அட்டையில் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்த அட்டை பழுதாகி, அடுத்த தடவை பெட்டி எழும்பாமலே போகலாம். இதற்கு யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை. ராஸ்பெரி பையின் அமைப்புகளிலேயே ‘ஓவர்லே’ என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் எஸ்டி அட்டையில் எதுவும் எழுதப்படாது, மாற்றங்கள் எல்லாம் ரேமில் நடந்து, நின்றதும் மறைந்துவிடும். பாட்டுகள் உள்ள எஸ்எஸ்டியையும் வாசிக்க மட்டும் விட்டேன். அத்தனை மின்வெட்டிலும் ஒரு நாள்கூட அது எழும்பாமல் இருக்கவில்லை. இன்றைக்கும் முதலில் போட்ட அதே எஸ்டி அட்டைதான். புதுப் பாட்டு சேர்க்கும்போது மட்டும் ஓவர்லேயை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அது கொஞ்சம் தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லைக்கு நிம்மதி கிடைக்கிறது.

ஒரு பக்கவிளைவு மட்டும் உண்டு. பை 4 இல் தனிக் கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும். கரண்ட் வந்தும் இணையம் வராத நேரங்களில், ஓவர்லே காரணமாக அது பழைய ஏதோ ஒரு திகதியில் எழும்பும். பிள்ளைகள் படிக்கும் வீடுகள் சுற்றிவர இருப்பதால், இரவு 9 மணிக்கு மேல் ஒலி தானாகக் குறையும்படி வைத்திருக்கிறேன். நேரம் பிழைத்தால் அது வேலை செய்யாது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் உள்ள சிறு பலகையைப் பட்டன் பட்டறியோடு பூட்டியதும் அது தீர்ந்தது.

மின்வெட்டு நேரத்தில் பாட்டும் கேட்கலாம். டிபிஏ3116 சிப் 12 வோல்ட்டிலும் ஓடும். வோல்டேஜ் 19 இலிருந்து 12 ஆகும்போது கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 40 வீதமாகிவிடும், ஒரு அறைக்கு அது தாராளம். 12 வோல்ட் பட்டறி ஒன்றிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நேரேயும், பைக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ஒரு கன்வெர்ட்டர் வழியாகவும் கொடுத்தேன். இங்கே பட்டறி ஒன்றுதான் என்பதால் அந்தக் கீச்சொலி வரும். உள்வழியையும் வெளிவழியையும் மின்னால் பிரித்து வைக்கும் வகைக் கன்வெர்ட்டர் போட்டால் வராது. அந்த மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து எங்களோடு இருந்து பாட்டுக் கேட்டார்கள்.

அடுத்தது பாட்டுகளின் பெயர்கள். யாரும் எச்சரிக்காத வேலை இது. பத்திருபது வருடமாகச் சேர்ந்த எம்பி3 கோப்புகளில், நம் நாட்டில் அந்தக் காலத்தில் தமிழில் பெயர் எழுதியவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதியிருப்பார்கள். திரையில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’ போன்ற எழுத்தில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும்போது ஒன்றைக் கொடுத்தால் மற்றது கிடைக்காது. எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அது போய்விடும். அகரவரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண் வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’வும் வருவதால், சும்மா வரிசைப்படுத்தினால் பட்டியல் நாம் படித்த நெடுங்கணக்குப்படி வராது. தமிழுக்குரிய வரிசை விதியின்படி அடுக்கும்படி மென்பொருளிடம் கேட்க வேண்டும். திரையில் ஓடும் பக்கத்தை நான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியதால் அது ஒரு வரி வேலையாக முடிந்தது.

ஒலி அளவும் சீராக இருக்க வேண்டும். ஐம்பது அறுபதுகளின் பாட்டு ஒன்று மெதுவாகப் பாடி முடிய, அடுத்து வரும் புதுப் பாட்டு காதைப் பிளக்கும். எல்லாக் கோப்புகளையும் ரீப்ளேகெயினால் ஒரு தடவை அளந்து வைத்தேன். அது பாட்டைத் தொடாது, எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதும், எம்பிடி அதைப் படித்துச் சரிசெய்யும். இது இல்லாமல் ஜூக்பாக்ஸ் வைக்கவே வேண்டாம்.

பாவனையில் தேய்ந்தவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாரிக்குப் பிறகு சில பட்டன்களை இரண்டு தடவை அமத்த வேண்டி வந்தது. உப்புக் காற்றில் உள்ளே உள்ள மைக்ரோசுவிட்சின் தொடுமுனை கறுத்துவிடுகிறது. சுவிட்ச் மட்டும் தனியாகக் கழன்று வரும் வகைப் பட்டன் என்பதால் புதியதை மாட்டுவது சின்ன வேலை. வாங்கும்போதே இதைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஆணிகள் எல்லாம் துரு ஏறிவிட்டன, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணிகள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. அலங்கார எல்இடி வெளிச்சத்துக்கு மாரியில் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி வெப்பத்துக்காகப் பெட்டிக்குள்ளே போகும். காற்றுத் துவாரங்களுக்கு நுண்ணிய கம்பி வலை அடித்தேன், இரவில் எல்இடி அணையும்படியும் வைத்தேன். பை 80 பாகை செல்சியசை எட்டினால் தன் வேகத்தைத் தானே குறைக்கும் என்பதால், துவாரத்தை முழுக்க அடைக்கவும் கூடாது.

பழைய டேப்லட் ஒன்றைச் சுவரில் ஒட்டி புளூடூத் ஸ்பீக்கரோடு விட்டால் என்ன என்பவர்களுக்கு: ஆறு மாதத்துக்கு நல்லாக இருக்கும். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பட்டறி எங்கள் வெக்கைக்கு ஊதும், நடுவில் அறிவிப்புகள் வரும், பட்டனும் இல்லை.

எனக்கு இந்தப் பெட்டியால் கிடைத்த பெரிய லாபம் கசெட்டுகள்தான். வீட்டில் கிடந்தவற்றோடு, சொந்தக்காரர் கொடுத்த வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவுகளும் வந்து சேர்ந்தன. விடிய விடிய ஆடும் கூத்தைப் பாட்டு மாதிரி வரிசையில் போட முடியாது. ஒலியை வெட்டாமல், எந்த இடத்தில் எந்தப் பாத்திரத்தின் வரவு தொடங்குகிறது என்று நேரங்களைக் கியூ என்ற குறிப்புக் கோப்பில் எழுதி வைத்தால், எம்பிடி ஒவ்வொன்றையும் தனிப் பாட்டாகக் காட்டும். 60 நிமிடக் கசெட்டைப் பதிய 60 நிமிடம் இருந்தே ஆகவேண்டும், குறுக்கு வழி இல்லை. பதிவதற்கு முன், பிளேயரில் நாடாவைப் படிக்கும் தலைப்பக்கம் உள்ள சிறிய திருகாணியை மெல்லத் திருப்பி, ஒலி எங்கே தெளிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு திருப்பலில் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலும் சல்லாரி என்ற தாளமும் வேறு பதிவு போலக் கேட்கும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அப்படியே ஓடவிடாதீர்கள், பூஞ்சணம் பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் போகும். எங்கள் ஈரத்தில் இது வேகமாகப் பரவுகிறது. ஆகவே பெட்டி செய்யும் எண்ணத்தில் இருப்பவர்கள், வீட்டில் கசெட் இருந்தால் முதலில் அதைப் பதிந்து எடுங்கள், பலகையும் பட்டனும் அடுத்த வருடமும் கடையில் இருக்கும்.