ஆறு வருடம் ஸ்டட் தேடியதில் எனக்குக் கைகொடுத்தது காந்தம்தான்

ஊரில் செங்கல் சுவர். எங்கே வேண்டுமானாலும் டிரில் போட்டு, ரால் பிளக் செருகி, ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம். நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய புதிதில் அதே பழக்கத்தில்தான் அம்மாவின் சாமி அலமாரியை மாட்டினேன். மூன்றாவது வாரம் ராத்திரி படங்களும் விளக்குமாக மொத்தமும் கீழே வந்துவிட்டது. இங்கே உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை, அதாவது ட்ரைவால். பாரத்தைத் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரச்சட்டம், அதைத்தான் ஸ்டட் என்கிறார்கள். பேர்தான் 2x4 (இரண்டுக்கு நான்கு அங்குலம்), உண்மையில் நம் பக்கம் தெரியும் முகம் ஒன்றரை அங்குலம்தான், அதனால் கொஞ்சம் தள்ளிப்போனாலும் ஸ்க்ரூ வெறும் காற்றில்தான் நிற்கும்.

முதலில் வாங்கியது பேட்டரியில் ஓடும் மின்னணுக் கருவி. சுவருக்குப் பின்னால் அடர்த்தி மாறும் இடத்தில் பீப் அடிக்கும். காலி இடத்தில் வைத்துத் தொடங்கினால் சரியாகச் சொல்லும், தெரியாமல் ஸ்டட்டின் மேலேயே வைத்துத் தொடங்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். ஒரே சுவரில் மூன்று முறை ஓட்டி மூன்று வேறு இடங்களில் பென்சில் கோடு போட்ட அனுபவம் எனக்கு உண்டு.

அப்புறம் வாங்கியதுதான் இந்தச் சின்ன நியோடிமியம் காந்தம். பேட்டரி இல்லை, பட்டன் இல்லை, ஆறு வருடமாக அதே ஒன்று. ட்ரைவாலை ஸ்டட்டில் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலையைத் தேடிப் பிடிக்கும். சுவரில் S வடிவில் மெதுவாக நகர்த்துங்கள், ஓரிடத்தில் 'டக்' என்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் விழாது. ஒன்று கிடைத்ததும் நம்பிவிடக் கூடாது, அதே நேர்க்கோட்டில் மேலும் கீழும் குறைந்தது இன்னும் இரண்டு இடங்களில் ஒட்ட வேண்டும். பிறகு டேப்பை வைத்துப் பக்கவாட்டில் 16 அங்குலம் அளந்தால் பெரும்பாலும் அடுத்த ஸ்டட். சில சுவர்களில் 24. ஸ்விட்ச் பெட்டியும் பொதுவாக ஒரு ஸ்டட்டின் பக்கவாட்டில்தான் அடித்திருப்பார்கள், அதுவும் நல்ல துப்பு. ஆனால் அந்தப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும், அங்கே துளை போடவே வேண்டாம்.

கடைசியாக மெல்லிய பிட்டால் ஒரு சோதனைத் துளை, மாட்டப்போகும் தகடு மறைக்கும் இடத்தில். பிட்டின் நுனியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மட்டும் வந்து பிட் சட்டென்று உள்ளே போனால் காலி. மரத்தூள் சுருள் சுருளாக வந்தால் ஸ்டட். இரும்பில் பட்ட மாதிரி கிறீச்சிட்டால் உடனே நிறுத்துங்கள், ஒயரையோ குழாயையோ காப்பாற்ற அடித்த இரும்புத் தகடாக இருக்கும், அழுத்தித் துளைப்பது ஆபத்து. அந்தத் தகட்டிலும் காந்தம் ஒட்டும், ஒரே புள்ளியை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்த முறையில் 55 அங்குல டிவி, புத்தக அலமாரிகள், சாமி அலமாரி எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஒன்றும் அசையவில்லை. பழைய பிளாஸ்டர் சுவர் வீட்டில் மட்டும் இது அவ்வளவு எளிதில்லை. நண்பர் வீட்டுச் சுவருக்குள் இரும்பு வலை, காந்தம் போகிற இடமெல்லாம் ஒட்டியது. அங்கே ஸ்விட்ச் பெட்டியிலிருந்து அளந்து, சோதனைத் துளை போட்டுத்தான் கண்டுபிடித்தோம், ஒரு ஸ்டட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆனது.