வெசேர், செலே, செவென்: பிரான்சின் நாட்டுப்புறத்தில் நடக்கப் போகிறவர்கள் எந்தப் பக்கம் போகலாம்?

ஒரு வாரம் விடுமுறை. பாரிஸ் வேண்டாம், நாட்டுப்புறம் வேண்டும். பழமையான இடங்களைப் பார்க்க வேண்டும், காட்டிலும் ஆற்றங்கரையிலும் நிறைய நடக்கவும் வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், தென்மேற்கில் இருக்கும் தோர்தோஞ் பகுதிக்குப் போங்கள் என்பதுதான். தவறான பதில் இல்லை. ஆனால் அதே தூரப் பயணத்தில் வேறு இரண்டு இடங்களும் இருக்கின்றன. நடப்பதில் உண்மையான ஆசை உள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்று இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

மூன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அந்தத் தோர்தோஞ் பகுதியிலேயே இருக்கும் வெசேர் பள்ளத்தாக்கு. தோர்தோஞ் ஆற்றோடு சேரும் கிளையாறு வெசேர். தொல்பழங்கால ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோ குகை இருப்பது இங்கேதான். இரண்டாவது, அதற்குத் தெற்கே லொத் ஆற்றில் கலக்கும் செலே என்ற சிற்றாறின் பள்ளத்தாக்கு. மூன்றாவது, கிழக்கே தள்ளி, மத்திய மலைத்தொகுதியின் தெற்கு விளிம்பில் இருக்கும் செவென் மலைப்பகுதி.

இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: பழைய இடத்துக்கு நடந்தே போய்ச் சேர முடிகிறதா? காரை நிறுத்தி, சீட்டு வாங்கி, கோட்டையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வேறெங்கோ போய் நடப்பது ஒரு வகை. நடக்கிற பாதையே குகைக்கும் மடத்துக்கும் கொண்டுபோய் விடுவது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

குகைகள்

வெசேர் பக்கம் இருக்கும் செல்வத்துக்கு ஈடு கிடையாது. 147 தொல்பழங்கால இடங்களும் 25 ஓவியக் குகைகளும் ஒரே சிறிய பள்ளத்தாக்கில் இருக்கின்றன. 1979லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். குரோ-மேனியன் மனிதர் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்தப் பெயர் வந்த பாறை ஒதுக்கிடம் இங்கே லேஸ் எய்ஸி என்ற ஊரில் இருக்கிறது. 1868இல் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அதே ஊரில் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகமும் இருக்கிறது.

லாஸ்கோவின் கதை தெரிந்ததுதான். 1940 செப்டம்பர் 12ஆம் தேதி நான்கு இளைஞர்கள் உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்களின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் சுவரில் பச்சைப் பாசியையும் வெள்ளைச் சுண்ணப் படிவையும் வளர்த்தன. 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். இப்போது மோந்தினியாக் ஊரில் நாம் பார்ப்பது 2016இல் திறந்த நகல், லாஸ்கோ 4. நகலை மிகுந்த அக்கறையோடு செய்திருக்கிறார்கள். பாறையின் மேடு பள்ளம், குளிர்ச்சி, இருட்டு எல்லாம் இருக்கின்றன. குழந்தைகளோடு போனால் இதைத் தவறவிடக் கூடாது. இருந்தாலும் அசல் சுவருக்கு முன்னால் நிற்கிற உணர்வு வேறு.

அசல் வேண்டும் என்றால் வெசேரிலேயே வழி உண்டு. லேஸ் எய்ஸியின் ஓரத்தில் ஃபோன் து கோம் குகை இருக்கிறது. பல வண்ணத்தில் தீட்டிய காட்டெருமைகளை அசலாகவே அங்கே பார்க்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள், கோடையில் இடம் கிடைப்பது கடினம். இன்னொன்று ரூஃபிஞாக். குகைக்குள் சிறிய மின்ரயிலில் கூட்டிக்கொண்டு போவார்கள். சுவரிலும் கூரையிலும் மாமத் எனப்படும் கம்பளி யானைகளின் ஓவியங்கள் வரிசையாக இருக்கும். முழங்கால் வலி உள்ள பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல குகை நான் சொல்ல மாட்டேன்.

செலே பக்கம் எண்ணிக்கையில் போட்டியே போட முடியாது. ஆனால் கப்ரெரே கிராமத்துக்கு மேலே குன்றில் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922இல் ஊர்ப் பையன்கள் இருவர் குறுகிய பொந்துகள் வழியாகத் தவழ்ந்துபோய்க் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் குகை ஆர்வத்தை ஊட்டியவர் அமெதே லெமோசி என்ற பாதிரியார். 1926இல் திறந்த குகை இன்றைக்கும் அசலாகவே திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு மட்டும் உண்டு.

உள்ளே புள்ளிக் குதிரைகள் இரண்டு, முதுகோடு முதுகாக. சுமார் 29,000 ஆண்டுப் பழமை. வலப்பக்கக் குதிரையின் தலை இருக்கும் இடத்தில் பாறையே குதிரைத் தலை வடிவில் நீண்டிருக்கிறது. ஓவியர் அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே தொடங்கியிருப்பார் என்று தோன்றும். சுற்றிலும் கைகளை வைத்து வண்ணம் ஊதிய அச்சுகள். குதிரைக்கு ஏது இப்படிப் புள்ளி, மந்திரச் சடங்குக்கான கற்பனையாக இருக்கும் என்று பலர் நினைத்ததுண்டு. 2011இல் வெளியான மரபணு ஆய்வு, அந்தக் காலத்துக் குதிரை எலும்புகளிலேயே புள்ளித் தோலுக்கான மரபணு இருந்ததைக் காட்டியது. அப்படியானால் கண்ணால் பார்த்ததைத் தீட்டியிருக்கலாம். இன்னொரு மூலையில், களிமண்ணில் பதிந்து இறுகிப்போன கால்தடங்கள், ஒரு சிறுவருடையவை. எனக்கு அந்தத் தடங்கள்தான் குதிரைகளைவிடப் பெரிதாகப் பட்டன.

நடை

வெசேரில் நடைபாதைகள் இல்லாமல் இல்லை. பிரான்சின் நெடுந்தூர நடைபாதைகளுக்கு ஜி.ஆர். என்று பெயர்; அவற்றில் ஜி.ஆர். 36 லேஸ் எய்ஸி வழியாகப் போகிறது. மஞ்சள் கோடு போட்ட அரைநாள் சுற்றுப் பாதைகளும் உண்டு, கருவாலி மரமும் செஸ்ட்நட் மரமும் நிறைந்த காடுகள் அழகானவை. சிக்கல் என்னவென்றால், புகழ்பெற்ற இடங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எல்லோரும் காரைத்தான் எடுக்கிறார்கள். சார்லா நகரின் சனிக்கிழமைச் சந்தை, பெய்னாக் கோட்டை, ஆற்றுக்கு எதிர்க்கரையில் அதை முறைத்துக்கொண்டு நிற்கும் காஸ்தெல்னோ கோட்டை என்று பட்டியல் நீளும்போது நடப்பதற்கு நேரம் மிஞ்சாது. நூறாண்டுப் போரில் பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்னோ ஆங்கிலேயர் பக்கம். இந்த எதிரெதிர் நிலை கரையில் நடப்பவர்களைவிட ஆற்றில் துடுப்புப் படகில் வருகிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வித்ராக்கில் ஏறி பெய்னாக்கில் இறங்கலாம். தோர்தோஞ் ஆறு கோடையில் அமைதியாகவே ஓடும்.

செலேயின் பலம் இங்கேதான் தெரிகிறது. லு புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் பழைய யாத்திரை வழிதான் ஜி.ஆர். 65. ஃபிஜாக் தாண்டியதும் அதிலிருந்து ஜி.ஆர். 651 என்ற கிளை பிரிந்து, செலே ஆற்றோடு 50 கி.மீ.க்கு மேல் போகிறது. மூன்று நான்கு நாளில் நிதானமாக முடிக்கலாம். பெரும்பாலான யாத்திரிகர்கள் நேர்வழியிலேயே போய்விடுவதால் இங்கே கூட்டம் குறைவு.

புறப்படும் ஃபிஜாக்கே ஒரு நாள் தங்கத் தகுந்த ஊர். எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷாம்போலியோன் 1790இல் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீட்டுக்கு அருகே உள்ள முற்றத்தில், அந்த எழுத்தைப் படிக்க அவருக்கு உதவிய ரொசெட்டா கல்வெட்டைப் பெரிதாக்கித் தரையிலேயே பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து நடந்தால் எஸ்பாஞாக் கிராமத்தின் பழைய கன்னியர் மடமும், மேலே மரச்சட்டம் வைத்துக் கட்டிய அதன் மணிக்கூண்டும் வரும். அடுத்து மார்சியாக். போர்களில் சிதைந்த, பெனடிக்டைன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடம் இது. மடத்துக் கோயிலின் ஒரு பாதிக்குக் கூரை இல்லை. மறு பாதியில் இன்னும் வழிபாடு நடக்கிறது. சீட்டு, வரிசை, கடை எதுவும் இல்லாமல், பாதையில் வந்த களைப்போடு அப்படியே உள்ளே போய் உட்காரலாம். அப்புறம் செங்குத்துப் பாறையில் கட்டிய காவல் வீடுகள். அவற்றைத் தாண்டினால் கப்ரெரே, குன்றின் மேல் பெஷ் மெர்ல். காலையில் மடம், மாலையில் 29,000 ஆண்டுப் பழைய குதிரை, இரண்டுக்கும் நடுவில் உங்கள் கால்கள் மட்டும்தான். வெசேரில் இது கிடைக்காது.

செலே லொத்தில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூசியேஸ். அங்கிருந்து சான் சிர் லாபோப்பி வரைக்கும் போகும் ஆற்றோரப் பாதையை விட்டுவிடாதீர்கள். சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பதற்காக, 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து போட்ட வழி அது. தலைக்கு மேல் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். பாதை முடிந்து மேலே ஏறினால், ஆற்றுக்குச் சுமார் 100 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் கிராமம் நிற்கும். கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் இங்கே மயங்கி வீடே வாங்கிவிட்டார். ஆகஸ்ட் மதியங்களில் கார் நிறுத்த இடமில்லாமல் தவிக்கும் ஊர் இது, ஆனால் கீழிருந்து காலையில் நடந்து வருகிறவருக்கு அந்த நெரிசல் கிடையாது.

எச்சரிக்கை ஒன்று. பள்ளத்தாக்கை விட்டு மேலே ஏறினால் வருவது கோஸ் எனப்படும் சுண்ணாம்புக் கல் மேட்டுநிலம். மழைநீர் அப்படியே கல்லுக்குள் இறங்கிவிடும். மேலே ஓடையும் இருக்காது, ஊற்றும் இருக்காது. கோடையில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பொட்டல் என்று நினைத்துவிட வேண்டாம். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், வட்டமான கல்குடில்கள், பெருங்கற்காலக் கல்திட்டைகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் உள்ள செம்மறி ஆடுகள் எல்லாம் மேலேதான். இரவு அங்கே தங்கினால் நட்சத்திரங்களைப் பாருங்கள். பிரான்சிலேயே மிக இருட்டான வானம் உள்ள பகுதிகளில் இது ஒன்று.

செவென் யாருக்கு?

நடை மட்டும்தான் முக்கியம் என்றால் செவென்தான் முதலிடம். 1970இல் தேசியப் பூங்கா ஆனது. கோஸ் மேட்டுநிலங்களோடு சேர்த்து 2011இல் மேய்ச்சல் நிலப் பண்பாட்டுக்காக யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. மோன் லொசேர் உச்சி 1,699 மீட்டர். 1878இல் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் ஒரு கழுதையோடு 12 நாள் நடந்த வழி இப்போது ஜி.ஆர். 70, இன்றைக்கும் கழுதையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நடக்கலாம், பிள்ளைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி இருக்காது.

இங்கே மரபு என்பது கோட்டையாகவோ மடமாகவோ நிற்பதில்லை. 1685இல் அரசர் 14ஆம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த உரிமையைப் பறித்தார். 1702இல் இந்த மலைகளில் கமிசார் எனப்பட்ட புராட்டஸ்டண்ட் உழவர்களும் கம்பளி நெசவாளர்களும் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் ஒளிந்து வழிபட்ட இடங்கள் வெறும் பாறையும் காடும்தான். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய கல்வரப்புகளும், செஸ்ட்நட் கொட்டைகளைப் புகைபோட்டு உலர்த்திய சிறு கல்வீடுகளும், பட்டுப்புழு வளர்த்த உயரமான வீடுகளும் பார்வைக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். முன்கூட்டியே கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் ஒவ்வொரு திருப்பமும் பேசும். படிக்காமல் போனால் அழகான மலை, அவ்வளவுதான். இலையுதிர்காலத்தில் இங்கே ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழைக்கும் பயப்பட வேண்டும்.

போவதும் சாப்பிடுவதும்

பாரிசில் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காஓர் வரை நேரடி ரயில் உண்டு. காஓரிலிருந்து லொத் ஆற்றோரமாக ஃபிஜாக் போகும் பேருந்து, சான் சிர் லாபோப்பிக்குக் கீழே நிற்கும். நடை முடிந்து திரும்பும்போது காஓரில், 1308இல் கட்டத் தொடங்கிய வலாந்த்ரே பாலத்தையும் அதன் மூன்று கோபுரங்களையும் பார்த்துவிடலாம். லேஸ் எய்ஸியிலும் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் இறங்கிய பிறகு கார் இல்லாமல் அந்தப் பகுதியைச் சுற்றுவது சிரமம். செவெனுக்கு கிளெர்மோன்–நீம் மலை ரயில்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வெசேரும் செலேயும் வாத்துக்கறி தேசம். நடைபயணிகள் தங்கும் விடுதிகளில் இரவு எல்லோருக்கும் ஒரே மேசை, ஒரே சமையல். இடம் பிடிக்கும்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டால் முட்டை, பருப்பு, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி, வால்நட் சாலட் என்று ஏதாவது செய்து கொடுப்பார்கள். வாசலில் போய் நின்று சொன்னால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும், பலவற்றில் திங்கட்கிழமையும் விடுமுறை. அடுத்த வேளை ரொட்டி எப்போதும் பையில் இருக்கட்டும்.

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் வரும் மரபுரிமை நாட்களில், மற்ற நாட்களில் பூட்டியிருக்கும் தனியார் மாளிகைகளும் சிற்றாலயங்களும் பல ஊர்களில் திறந்திருக்கும். அதே சமயத்தில்தான் வேட்டைக் காலமும் தொடங்குகிறது. காட்டில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு நடங்கள்.

சிறு குழந்தைகளோ வயதானவர்களோ கூட வருகிறார்கள் என்றால் நான் வெசேரைத்தான் சொல்வேன். அப்போது முதலில் ஃபோன் து கோம் குகைக்குச் சீட்டு எடுங்கள், தங்கும் அறையை அதற்குப் பிறகு அந்தத் தேதிக்கு ஏற்றபடி பாருங்கள். நடக்கக் கூடியவர்கள் இருவர் மூவராகப் போகிறீர்கள் என்றால் செலேதான். மார்சியாக், கப்ரெரே இரண்டும் சின்ன ஊர்கள், படுக்கைகள் கொஞ்சம்தான். அந்த இரண்டு இரவுகளை உறுதி செய்துகொண்டு, பெஷ் மெர்ல் நேரத்தையும் பதிந்துவிட்டால் மீதியைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்.